ஆன்ட்வெர்ப்பின் 85 நாள்: ராணுவத் திட்டத்தில் உள்கட்டமைப்பின் ஆபத்தை எப்படி எடைபோடுகிறார்கள்?

பாதுகாப்பு ஆய்வுகள் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: ராணுவ நடவடிக்கைக்குத் திட்டம் போடும்போது துறைமுகம், பாலம், மின் நிலையம், எரிபொருள் குழாய் போன்றவற்றுக்கு உள்ள ஆபத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதிகம் வாங்கியதை முதலில் கவனிப்பதுதானா? பாடத்தில் அட்டவணை இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் யோசனைதான் பிடிபடவில்லை என்கிறார்.

அட்டவணை கடைசியில் வரவேண்டியது. முதலில் வரவேண்டியது ஒரு கணக்கு: என் படைக்கு எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு போய்ச் சேரவேண்டும்? அந்தக் கணக்கு கையில் இல்லாமல் "இந்தப் பாலம் முக்கியம், அந்தத் துறைமுகம் மிக முக்கியம்" என்று எழுதுவது வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதோடு முடிந்துவிடும். கட்டடத்தை எடைபோட்டால் போதாது. அதன் வழியாக ஓடும் சரக்கையும் எரிபொருளையும், அந்த ஓட்டம் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை பின்தொடர்ந்து எடைபோட வேண்டும். இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நடப்பில் எப்படித் தவறிப்போகிறது என்பதற்கு இரண்டாம் உலகப்போரின் ஆன்ட்வெர்ப்பை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் அதிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

1944 செப்டம்பர் 4. பிரிட்டனின் 11ஆவது கவச டிவிஷன் (டாங்கிகள் கொண்ட பெரிய படைப்பிரிவு) பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குள் நுழைந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. படை வந்த வேகத்தில் ஜெர்மானியர்களுக்கு வெடிவைத்துத் தகர்க்க நேரம் கிடைக்கவில்லை. பெல்ஜிய எதிர்ப்புக் குழுவினர் துறைமுகப் பகுதியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 600க்கு மேற்பட்ட கிரேன்கள், கிலோமீட்டர் கணக்கில் நீளும் கப்பல்துறைகள், ஆற்றிலிருந்து உள்தொட்டிகளுக்குக் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே கைக்கு வந்தன. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் படையெடுப்பு தொடங்கிய ஜூன் 6 முதல் நேச நாடுகள் கண்ட மிகப் பெரிய அதிர்ஷ்டம் அது. ஆனால் முதல் சரக்குக் கப்பல் அணி அங்கே வந்து சேர்ந்தது நவம்பர் 28ஆம் தேதி. இடையில் 85 நாள்.

அந்த 85 நாளின் விலையைப் புரிந்துகொள்ள, அன்று வழங்கல் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் திட்டக்காரர்கள் ஒரு டிவிஷனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 650 டன் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்: உணவு, குண்டு, பெட்ரோல், உதிரிப்பாகம் எல்லாம் சேர்த்து. படையெடுப்பின் 90ஆம் நாளில் பிரான்சின் சேன் நதியை அடைவது, அங்கே நின்று ரயில் பாதை, கிடங்கு, குழாய் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு நிதானமாகக் கிழக்கே நகர்வது என்பது திட்டம். நடந்தது வேறு. நார்மண்டியில் இரண்டு மாதம் இழுபறியாக இருந்த போர் ஆகஸ்டில் உடைத்துக்கொண்டு ஓடியது. ஆகஸ்ட் 25க்கும் செப்டம்பர் 12க்கும் இடையில், 260 நாளில் கடப்பதாகத் திட்டமிட்ட தூரத்தைப் படைகள் 19 நாளில் கடந்துவிட்டன. எதிரி சிதறி ஓடுகிறான், நம் பெட்ரோல் மட்டும் இன்னும் நார்மண்டிக் கடற்கரையில் கிடக்கிறது. ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க ஜெனரல் பேட்டனின் மூன்றாம் ராணுவம் கேட்டது 4 லட்சம் காலன், கிடைத்தது ஏறத்தாழ 32,000 காலன்.

மற்றத் துறைமுகங்களின் கதை இன்னும் பாடமானது. நார்மண்டியின் ஷெர்பூர் துறைமுகத்தை எட்டு நாளில் பிடித்து, பதினோராம் நாளில் கப்பல் விடத் தொடங்கலாம் என்று திட்டம் சொன்னது. பிடிக்கவே மூன்று வாரம் ஆனது. உள்ளே போய்ப் பார்த்த அமெரிக்கப் பொறியாளர்கள், வரலாற்றிலேயே இவ்வளவு முழுமையாகத் திட்டமிட்டுச் செய்த தகர்ப்பு இருக்க முடியாது என்று எதிரியைப் பாராட்டி அறிக்கை எழுதினார்கள். பெரிய பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கும் துறைக்குள் மட்டும் சுமார் 15,000 கன மீட்டர் கட்டுமான இடிபாடு சரிந்து கிடந்தது. மூழ்கடித்த கப்பல்கள் வாயில்களை அடைத்திருந்தன. தண்ணீருக்குள் கண்ணிவெடிகள். அவற்றில் சிலவற்றில் எண்ணிக்கைக் கருவி இருந்தது: மேலே போகிற முதல் கப்பலுக்கு வெடிக்காது, இரண்டாவதற்கும் வெடிக்காது, உள்ளே வைத்திருக்கும் எண் வந்ததும் வெடிக்கும். ஆகவே ஒரு தடவை துழாவிப் பார்த்து "சுத்தம்" என்று எழுதிக் கொடுக்க முடியாது. அதே தடத்தைத் திரும்பத் திரும்பத் துழாவ வேண்டும். முதல் சரக்கு இறங்கியது ஜூலை 16 அன்று. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பழுது பார்த்து முடித்த பிறகு ஷெர்பூர், திட்டத்தில் எழுதியதை விட அதிகமாகவே கையாண்டது. மதிப்பீடு பிசகியது கொள்ளளவில் இல்லை, தேதியில்தான். பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரெஸ்ட் துறைமுகம் இதைவிட மோசம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாகச் சண்டை போட்டு, ஏறத்தாழ 10,000 அமெரிக்க வீரர்கள் செத்தும் காயம்பட்டும் பிடித்த ஊர் அது. பிடித்தபோது போர்முனை வெகுதூரம் கிழக்கே போயிருந்தது, துறைமுகமும் நொறுங்கியிருந்தது. ஒரு கப்பல்கூட அங்கே சரக்கு இறக்கவில்லை.

இடைவெளியை லாரியால் நிரப்பப் பார்த்தார்கள். ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்து, மற்ற வண்டிகளை விலக்கிவிட்டு, போக ஒரு சாலை, வர ஒரு சாலை என்று இரவு பகலாக ஓட்டினார்கள். ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பின அமெரிக்கர்கள். ஆகஸ்ட் 29 அன்று ஏறத்தாழ 6,000 வண்டிகள் 12,342 டன் கொண்டு போயின. பார்க்கப் பிரமாதமான எண். ஆனால் அந்த லாரிகளே ஒரு நாளைக்கு 3 லட்சம் காலன் பெட்ரோல் குடித்தன. தூரம் கூடக்கூட, கொண்டு போவதில் எவ்வளவு பங்கு கொண்டு போவதற்கே செலவாகிறது என்பதும் கூடும். பிரிட்டிஷ் பக்கத்தில் செப்டம்பரில் இன்னொரு இடி: 1,400 மூன்று டன் லாரிகளின் எஞ்சினில் பிஸ்டன் கோளாறு. மாற்று எஞ்சின் இருக்கிறதே என்று பெட்டியைத் திறந்தால் அவற்றிலும் அதே கோளாறு. இரண்டு டிவிஷனுக்குப் படியளக்கக்கூடிய வண்டிகள் ஒரே அடியில் நின்றன. மாற்று வழி என்று காகிதத்தில் எழுதியிருப்பது, முதல் வழி எதனால் விழுகிறதோ அதனாலேயே விழுமா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சி வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் ஆன்ட்வெர்ப் முழுசாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் 85 நாள்?

வரைபடத்தைப் பாருங்கள். ஆன்ட்வெர்ப் கடற்கரையில் இல்லை. ஸ்கெல்ட் ஆற்றில், திறந்த கடலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வரும் கப்பல் அந்தக் கழிமுகம் முழுவதையும் கடந்துதான் வரவேண்டும். வடகரையில் வால்கரன், தெற்கு பெவலாண்ட். தென்கரையில் பிரெஸ்கென்ஸ் பகுதி. மூன்றும் ஜெர்மானியர் கையில். வால்கரனில் கனரகக் கடற்கரைப் பீரங்கிகள். ஆற்றுக்குள் கண்ணிகள். அதாவது பிடித்தது வீட்டை, தெரு இன்னும் எதிரியிடம்.

இது யாருக்கும் தெரியாமல் இல்லை. படையெடுப்பின் கடற்படைத் தளபதி அட்மிரல் பெர்ட்ரம் ராம்சே, நகரம் விழுவதற்கு முந்தைய நாளே, செப்டம்பர் 3 அன்று, தந்தி அனுப்பியிருந்தார்: ஆன்ட்வெர்ப்பும் ராட்டர்டாமும் கண்ணி வைத்து அடைக்க மிகவும் தோதான இடங்கள், எதிரி அதில் வெற்றி பெற்றால் திறக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்று. தலைமையகத்துக்கும், பிரிட்டிஷ், கனடியப் படைகளை நடத்திய மாண்ட்கோமரியின் படைத்தொகுதிக்கும் அது போனது. மறுநாள் ஆன்ட்வெர்ப்புக்குள் நுழைந்த டாங்கிகளை வழிநடத்தியது ஜெனரல் ஹாரக்ஸின் படை. அவர் பிற்பாடு ஒளிக்காமல் எழுதினார்: என் கண் முழுக்க ரைன் நதி மேல்தான் இருந்தது, ஸ்கெல்டில் கண்ணி இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவர் படை நகரத்தில் நின்றது. வடக்கே இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் தெற்கு பெவலாண்டின் ஒடுங்கிய நிலக்கழுத்தை அடைத்திருக்கலாம். எதிரி அதை விடவில்லை. ஸ்கெல்டின் முகப்பைக் கைவிடக் கூடாது என்று ஹிட்லரிடமிருந்து உத்தரவு போனது. கடலோரமாகச் சிக்கிக் கிடந்த ஜெர்மன் 15ஆவது ராணுவம் இரவு இரவாகப் பிரெஸ்கென்ஸிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து, 60,000க்கு மேற்பட்ட ஆட்களைத் துப்பாக்கி, வண்டி, குதிரையோடு காப்பாற்றிக்கொண்டது. அவர்களில் பலரோடுதான் பிறகு அதே ஆற்றங்கரையில் சண்டை போட வேண்டி வந்தது.

இந்த இடத்தில் உங்கள் அட்டவணையைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். செப்டம்பர் 4 மாலையில் யாராவது ஆன்ட்வெர்ப்புக்கு மதிப்பெண் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? முக்கியத்துவம்: உச்சம். சேதம்: அநேகமாக இல்லை. நம் கட்டுப்பாட்டில் உள்ளதா: ஆம். எல்லாக் கட்டமும் பச்சை. ஆற்றுக்கோ அட்டவணையில் தனி வரிசையே இருந்திருக்காது, ஏனென்றால் ஆறு ஒரு "நிலையம்" இல்லை. அட்டவணைகளின் நிரந்தரக் குறை இது. பேர்ப்பலகை உள்ளதெல்லாம் வரிசையில் வந்துவிடும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருப்பது, யாருக்கும் சொந்தமில்லாதது, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது விடுபட்டுவிடும். கப்பலைக் கடலிலிருந்து துறைக்கு வழிநடத்தும் பைலட்டிடம் "நீங்கள் வேலை செய்ய என்னென்ன வேண்டும்" என்று அரை மணி நேரம் கேட்டிருந்தால், கண்ணி, கரைப் பீரங்கி, மிதவை விளக்கு, வற்றும் ஏறும் நீர்மட்டம் என்று எல்லாம் வந்திருக்கும். அந்த உரையாடல்தான் மதிப்பீடு. அட்டவணை அதைக் குறித்து வைக்கும் நோட்டு.

ராம்சேயின் தந்தி ஏன் பலிக்கவில்லை என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எச்சரிக்கை சரியானது, நேரத்துக்கும் வந்தது. ஆனால் அது துறைமுகத்தைப் பற்றிய எச்சரிக்கையாக இருந்தது. தளபதியின் அடுத்த முடிவோடு அது கோர்க்கப்படவில்லை. மாண்ட்கோமரியின் மேசையில் அப்போது இருந்த கேள்வி, நெதர்லாந்தில் ரைன் நதி மேலுள்ள ஆர்ன்ஹெம் பாலம். அதைப் பிடிக்கப் போன மார்க்கெட் கார்டன் நடவடிக்கை செப்டம்பர் 17 அன்று தொடங்கி 25 வாக்கில் தோல்வியில் முடிந்தது. அக்டோபர் 9 அன்று நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் அனுப்பிய செய்தியின் சாரம் வேறு மாதிரி: நவம்பர் நடுவுக்குள் ஆன்ட்வெர்ப் வேலை செய்யாவிட்டால் நம் நடவடிக்கைகள் அத்தனையும் நின்றுவிடும். இரண்டும் ஒரே ஆபத்தைத்தான் சொல்கின்றன. இரண்டாவதில் ஒரு தேதியும், அந்தத் தேதி தவறினால் தளபதி இழக்கப்போவதும் இருக்கின்றன. ஒரு வாரத்தில், அக்டோபர் 16 அன்று, மாண்ட்கோமரி ஸ்கெல்டுக்கு முழு முன்னுரிமை கொடுத்தார். அதற்குள் எதிரிக்கு ஆறு வாரம் கிடைத்திருந்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 8 வரை கனடிய முதலாம் ராணுவம் அந்தச் சேற்றுநிலத்தில் 12,873 பேரை இழந்தது: செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர். அவர்களில் பாதிப்பேர் கனடியர். கரைகள் கைக்கு வந்த பிறகும் கண்ணி அகற்ற மூன்று வாரம் ஆனது.

மாணவர்களிடம் நான் வலியுறுத்துவது இரண்டு எண்கள். ஒன்று, இந்த வழி அடைபட்டால் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும். இரண்டு, அடைபட்டதைத் திறக்க எத்தனை நாள் ஆகும். இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் அது ஆபத்து. சிறிதாக இருந்தால் தலைவலி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த இரண்டு எண்ணையும் நம்பகமாகக் கண்டுபிடிக்கும் வேலை. ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவதில் இந்த வேறுபாடு கரைந்துபோய்விடும். "8" என்று எழுதியவருக்கும் "7" என்று எழுதியவருக்கும் இடையில் எத்தனை நாள் என்று கேளுங்கள், பதில் இருக்காது.

எதிரியின் உள்கட்டமைப்பை எடைபோடும்போதும் இதே இரண்டு எண்தான், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டும். அமெரிக்க விமானப்படை 1943இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரின் பால் பேரிங் ஆலைகளைக் குறிவைத்தது. பேரிங் இல்லாமல் எந்த எந்திரமும் சுழலாது, ஆலைகளோ ஒரே ஊரில் குவிந்திருக்கின்றன, ஆகவே இதை உடைத்தால் எல்லாம் நிற்கும் என்பது வாதம். காகிதத்தில் மறுக்க முடியாத வாதம். ஆகஸ்ட் 17 அன்று, அதே நாள் ரெகன்ஸ்பர்க் நகரில் நடந்த தாக்குதலையும் சேர்த்து, 60 குண்டுவீச்சு விமானங்கள் திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று மறுபடி 60. ஆலைகள் அடிபட்டது உண்மை. ஆனால் எதிரியிடம் கையிருப்பு இருந்தது, சுவீடனிலிருந்து இறக்குமதி வந்தது, பேரிங் குறைவாகத் தேவைப்படும்படி வடிவமைப்பை மாற்றினார்கள், எந்திரங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்தார்கள். போர் முடிந்தபின் அமெரிக்காவே நடத்திய ஆய்வு, முக்கியமான போர் உற்பத்தியில் அளக்கக்கூடிய பாதிப்பு எதற்கும் ஆதாரம் இல்லை என்று எழுதியது. எண்ணெயில் நடந்தது நேர்மாறு. 1944 மே 12 முதல் செயற்கைப் பெட்ரோல் ஆலைகளை அடித்தபோது ஒவ்வொன்றும் சில நாளில், சில வாரத்தில் மறுபடி ஓடத்தான் செய்தது. லொய்னா ஆலையை அதனால்தான் 22 தடவை அடித்தார்கள். பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்து, அந்த நாளுக்கு முன்பே திரும்பிப் போனார்கள். பெட்ரோலுக்கு மாற்று இல்லை, கையிருப்பும் மெலிந்திருந்தது. முதல் எண் சிறிது, இரண்டாவதைச் சிறிதாக விடவில்லை.

அமெரிக்கச் சிறப்புப் படைகளிடமிருந்து பரவிய கார்வர் என்ற ஆறு அளவுகோல் முறையைப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள்: எவ்வளவு முக்கியம், அணுக முடியுமா, மீள எவ்வளவு காலம், எவ்வளவு எளிதில் சேதப்படும், விளைவு என்ன, அடையாளம் காண எளிதா. கெட்ட முறை இல்லை. அதில் மூன்றாவதை மற்ற ஐந்தோடு சமமாக வைத்துக் கூட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஒரு குறிப்பு இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் மறப்பது. இன்று உடைப்பதை நாளை நாமே பயன்படுத்த வேண்டி வரலாம். படையெடுப்புக்கு முன் பிரான்சின் ரயில் முனையங்களையும் சேன் நதிப் பாலங்களையும் நேச நாட்டு விமானங்கள் சிதைத்தன. ஜெர்மனியின் கூடுதல் படைகள் நார்மண்டிக்கு வர முடியாமல் திணறின, அந்த வகையில் அது பெரும் வெற்றி. ஆகஸ்டில் கிழக்கே ஓடிய படைகளுக்கு ரயில் தேவைப்பட்டபோது, தங்கள் குண்டு விழுந்த பாலங்களையே அமெரிக்கப் பொறியாளர்கள் இராப்பகலாகச் செப்பனிட்டார்கள். லெ மான் நகருக்கு முதல் ரயில் ஆகஸ்ட் 17 அன்று போனது. அந்த வேகத்தைப் பாராட்டுவோம். ஆனால் தாக்குதல் பட்டியலும் வழங்கல் பட்டியலும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியவை.

மறுபடி ஆன்ட்வெர்ப். திறந்ததோடு கதை முடியவில்லை. அமெரிக்கர்களுக்கும் பிரிட்டனுக்குமாக நாள் ஒன்றுக்கு 40,000 டன் என்று பங்கு பிரித்தார்கள், எண்ணெய் இதில் சேராது. கப்பல்கள் வந்தன, கிரேன்கள் இறக்கின, இரண்டு வாரத்தில் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. இறக்கியதை ஏற்றிப் போக ரயில் பெட்டி போதவில்லை, உள்நாட்டில் கிடங்கு தயாராக இல்லை. ஆற்றில் இருந்த முடிச்சு அவிழ்ந்ததும் அது துறைமுகத்தின் பின்வாசலுக்கு நகர்ந்துவிட்டது. எந்த வழங்கல் சங்கிலியிலும் இது நடக்கும். ஆகவே ஒரு இடத்தை மட்டும் பலப்படுத்தும் பரிந்துரையைப் படித்தால், அடுத்து எங்கே அடைக்கும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதிரியும் அதே கணக்கைப் போட்டிருந்தான். லண்டனில் விழுந்ததைவிட அதிக வி-2 ராக்கெட்டுகள் ஆன்ட்வெர்ப் மீது ஏவப்பட்டன. டிசம்பர் 16 அன்று ரெக்ஸ் திரையரங்கின் மேல் ஒன்று விழுந்து 567 பேர் இறந்தார்கள். அதே நாள் அதிகாலையில்தான் ஆர்டென் காடுகளில் ஜெர்மனியின் கடைசிப் பெருந்தாக்குதல் தொடங்கியது. அதன் இலக்கும் ஆன்ட்வெர்ப்தான். எல்லாச் சரக்கும் ஒரே வாசலில் வருகிறது என்று தெரிந்தால் எதிரி அந்த வாசலுக்குத்தான் வருவான். துறைமுகம் இதையெல்லாம் தாங்கி வேலை செய்தது, விமான எதிர்ப்புப் பீரங்கி வளையமும் துறைமுகத் தொழிலாளர்களும் அதற்குக் காரணம். இருந்தாலும் தெற்கு பிரான்சின் மார்செய் துறைமுகம் அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்கச் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கியிராவிட்டால், ஆன்ட்வெர்ப் திறக்கும் வரை படைகள் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே.

"இதெல்லாம் 80 வருஷத்துக் கதை, இன்று சைபர் காலம்" என்று சொல்பவர்கள் உண்டு. கருவிகள் மாறியிருக்கின்றன, கேள்வி மாறவில்லை. 2021 மே 7 அன்று அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளில் பணம் பறிக்கும் மென்பொருள் புகுந்தது. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, வால்வுகளை யாரும் தொடவில்லை. முன்னெச்சரிக்கையாக நிறுவனமே குழாயை மூடியது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதம் போகும் வழி, மே 12 வரை நின்றது. ஐந்து நாள்தான். ஆனால் மக்கள் பயந்து டேங்கை நிரப்பியதில் பங்க்குகளின் கையிருப்பு அதற்கு முன்பே தீர்ந்தது. கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்ற எண் மனிதர்களின் பதற்றத்தைப் பொறுத்தும் சுருங்கும் என்பதை எந்தப் பொறியாளரின் வரைபடமும் காட்டாது.

2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன், கேஏ-சாட் செயற்கைக்கோளின் தரை வலையமைப்பு தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மோடம்கள் செத்தன. உக்ரைன் ராணுவத் தொடர்பைக் குலைக்கும் நோக்கம் என்பது வெளிப்படை. ஆனால் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் இணைப்பும் அறுந்தது. காற்றாலைக்காரர் யாரும் தங்கள் அட்டவணையில் "உக்ரைன் போர்" என்று ஒரு வரிசை வைத்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு மாற்றம் உண்மையிலேயே பெரியது: சொத்து யார் கையில் இருக்கிறது என்பது. பெரிய ராணுவ நடவடிக்கைகளில் போக்குவரத்தில் சுமார் 90 சதவீதம் சிவில் துறையிலிருந்தே வருகிறது என்று நேட்டோ சொல்கிறது. 2016 வார்சா மாநாட்டில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்ட ஏழு அடிப்படைத் தேவைகளைப் பாருங்கள்: அரசு தொடர்ந்து இயங்குவது, எரிசக்தி, கட்டுக்கடங்காத மக்கள் இடப்பெயர்வைச் சமாளிப்பது, உணவும் நீரும், பேரளவு காயமடைந்தோரைக் கவனிப்பது, தகவல் தொடர்பு, போக்குவரத்து. ஒன்றுகூட ராணுவ முகாமுக்குள் இல்லை. ஆகவே இன்றைய திட்டக்காரர், தனக்கு உத்தரவிட அதிகாரம் இல்லாத மனிதர்களைச் சார்ந்துதான் கணக்குப் போடுகிறார்: தனியார் துறைமுக நிர்வாகி, மின்வாரியப் பொறியாளர், லாரி உரிமையாளர். போர் வந்தால் அந்த லாரி ஓட்டுநர் வருவாரா என்பதும் ஓர் எண்தான். அதை விசாரித்து அறிய வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதைத் தொடாமல் விட்டால் பதில் நேர்மையாக இருக்காது. வால்கரன் தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம். அங்கிருந்த ஜெர்மன் படையை முடக்க, 1944 அக்டோபர் 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் வெஸ்ட்காபெல்லே கிராமத்தில் கடலணையை உடைத்துத் தீவுக்குள் கடலை விட்டன. முந்தைய நாள் எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். அந்தச் சின்னக் கிராமத்தில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு காற்றாலைக்குள் பதுங்கியிருந்தவர்கள் வெளியே வர முடியாமல் உள்ளேயே மாண்டார்கள். மணல்மேடுகளில் இருந்த பீரங்கிகளில் பல நனையவே இல்லை. உடைப்பை அடைத்து நிலத்தை மீட்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. தேவை இருந்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கரைகளைச் செப்டம்பரிலேயே அடைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

1977இல் வந்த ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை, அதன் 56ஆவது பிரிவில், அணை, கடலணை, அணுமின் நிலையம் ஆகியவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. இந்தியாவும் அமெரிக்காவும் அதில் சேரவில்லை. ஆனாலும் எதிர்பார்க்கும் ராணுவப் பலனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பு கூடாது, முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற விதிகள் வழக்காற்றுச் சட்டமாக எல்லோரையும் கட்டுப்படுத்தும். உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் கடைசியில், "சட்ட ஆலோசகர் பார்த்தார்" என்று டிக் அடிக்க. அதை முதல் சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு அணையையோ மின் நிலையத்தையோ விட்டுவைக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்தால், அதை நம்பி வாழும் மக்களுக்கும் நம் படைக்கும் வேறு எந்த வழி என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.